சொந்தமா ஒரு பாட்டுப் பொட்டி

மாசக் காசு கட்டினா கோடிக்கணக்குல பாட்டு கையில இருக்கு. அப்புறம் எதுக்குய்யா வீட்டுல தனியா ஒரு சர்வர், ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தலையான்னு அறைத்தோழன் கேக்கறான். நியாயமான கேள்விதான்.

கூகுள் ப்ளே மியூசிக்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம சொந்தப் பாட்டை 50,000 வரைக்கும் இலவசமா ஏத்தி வெச்சுக்கலாம். 2020 கடைசியில கடையைச் சாத்திட்டாங்க. அடுத்தவன் பரண்ல நம்ம சாமானை வெச்சா, அவன் வீட்டை இடிக்கறப்ப நாமதான் தூக்கிட்டு ஓடணும்.

எனக்கு முக்கியமான காரணம் வேற. ரெக்கார்டிங் சென்டர்ல பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிஞ்ச 60 நிமிஷ கேசட் மாமாகிட்ட நாப்பது இருக்கு. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுங்கறது அவரோட முடிவு. ஒரு கேசட்ல மிச்சமிருந்த இடத்துல அம்மாச்சி தாலாட்டு பாடியிருக்கு. இதை எந்த ஆப்புல போய்த் தேடறது?

நான் போட்டிருக்கறது நேவிட்ரோம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஒரு ராஸ்பெரி பை, ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்ளோதான் செலவு. சப்சானிக் முறையைப் பேசறதால போன்ல அதுக்குன்னு இருக்கற ஆப் எதையும் மாட்டிக்கலாம். வீட்டுல ஃப்ளாக்ல கேக்கலாம், வெளியில போனா அதுவே ஓப்பஸா சுருக்கி அனுப்பிடும். ரௌட்டர்ல மட்டும் போர்ட்டைத் திறந்து விட்டுடாதீங்க சாமி, வயர்கார்டு போட்டு உள்ள வாங்க.

இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. உண்மையான தாலியறுப்பு எங்கன்னா, டேக். இந்த மென்பொருள் எல்லாம் "ஒரு ஆல்பம், ஒரு பாடகர்"ங்கற ஊர்லேர்ந்து வந்தது. நம்ம படத்துல ஆறு பாட்டுன்னா ஆறு பேர் பாடியிருப்பாங்க. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ங்கற இடத்தைக் காலியா விட்டா ஒரே படம் ஆறு ஆல்பமா சிதறி நிக்கும். நான் அங்க இசையமைப்பாளர் பேரைப் போட்டுட்டேன். அப்புறம் பார்த்தா இளையராஜாவே மூணு பேரா இருக்கார்! ஆங்கில எழுத்துல ஒருத்தர் 'ஏ' கூட்டியிருக்கார், ஒருத்தர் 'ஐ' குறைச்சிருக்கார். எல்லாத்தையும் தமிழ்லயே மாத்தினப்புறம்தான் ராஜா ஒருத்தரானார்.

காசு மிச்சமாகும்னு நினைச்சு யாரும் இறங்காதீங்க, ஆகாது. பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வாங்கணும். புதுப் பாட்டுக்கு நான் இன்னமும் மாசக் காசு கட்டிட்டுதான் இருக்கேன். எங்கயும் கிடைக்காத பாட்டு உங்க வீட்டுப் பரண்ல இருந்தா மட்டும் இந்த வேலைக்கு வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க, ஏன்னா நாடா பூஞ்சை புடிக்குது.

இன்னும் பதினோரு கேசட் பாக்கி. ஒரு மணி நேர கேசட்டை ஏத்த ஒரு மணி நேரம் ஓடத்தான் செய்யணும், இதுல குறுக்கு வழி கிடையாது. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டுன்னு போயிட்டிருக்கு.