வதந்தி ஏன் வென்றது?

2021 டிசம்பர் 17 இரவு, ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அமர்ந்துவிட்டனர். பாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி பொருத்துபவர்கள். விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட தோழியர் மருத்துவமனையில் கிடக்க, சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அது பொய். அதிகாரிகள் மறுத்துரைத்தும் மறியல் மறுநாள் வரை நீண்டது.

வதந்தியை நம்பும் கூட்டம் என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. மெய்யுரைத்த அரசை அப்பெண்கள் ஏன் நம்பவில்லை என்று அவர்கள் கேட்பதில்லை.

நம்பிக்கை, ஆபத்து வேளையில் ஆணையிட்டுப் பெறும் பொருளன்று. முன்பே பழகிய முகங்கள் வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே கிராம சபையின் உறுப்பினர். தொலைவிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பெண்ணின் பெயரோ பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே இருக்கும். குடிக்கும் நீர் இங்கே. கேள்வி கேட்கும் உரிமை அங்கே! சரி, ஊர்க்காரர்களாவது கேட்டார்களா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். உலகுக்குக் கார்களைச் செய்தனுப்பிய மண்ணில், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட ஓர் ஊராட்சித் தலைவர் இல்லை. அதற்காக நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

இத்தாலியில் 1970இல் ஒரே அமைப்பில் வட்டார அரசுகள் தோன்றின. வடக்கில் செழித்தன, தெற்கில் தேங்கின. இருபதாண்டுகள் ஆராய்ந்த இராபர்ட் புட்னம், 1993இல் வெளியிட்ட நூலில் காரணம் சொன்னார்: பாடகர் குழு, கால்பந்துக் கழகம் என மக்கள் சமமாய்க் கூடிப் பழகிய இடங்களில் அரசும் நன்கு நடந்தது. திருச்சபைப் பற்று மிகுந்த வட்டாரங்களில் இந்தக் குடிமைப் பழக்கம் குறைவு என்றும் எழுதினார். நமக்குக் கசக்கும்; கசக்கட்டும்.

எனினும் மக்களை மட்டும் குறைகூறுதல் அநீதி. பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். சட்டம் காட்டிய வழியில்தான் நடந்தனர். நில எடுப்பு தொடர்ந்தது. திட்டம் நல்லதா தீயதா என்பது வேறு வழக்கு. ஊர் ஒருமித்துச் சொன்ன சொல் கோப்பில் உறங்குமானால், அடுத்த முறை அவ்வூர் எதற்காகச் சபை கூட வேண்டும்?

மே 1 வரும், ஆகஸ்ட் 15 வரும். ஒரகடத்திலும் வல்லத்திலும் வாழும் நம்மவர் அந்நாள்களில் கிராம சபைக்குச் செல்லட்டும். பக்கத்து விடுதிப் பெண்களையும் அழைத்துச் செல்லட்டும். பட்டியலில் பெயரில்லை என்று யாரேனும் தடுத்தால், முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 இருக்கிறது.