வார்டுக்குள்ளும் விளையாட்டு வேண்டும்

கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் தாய், நோயோடு சேர்த்துக் கூலியையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடியும் முன்னே ஜீப் ஏறி, குமுளிப் பக்கமோ கம்பம்மெட்டுப் பக்கமோ உள்ள ஏலத்தோட்டத்துக்குப் போனால்தான் அன்றைய சம்பளம். பிள்ளை ஐந்து நாள் படுக்கையில் இருந்தால் ஐந்து நாள் சம்பளமும் போயிற்று. பாட்டியைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி, நிலமும் சேமிப்பும் இல்லாத தலித் கூலிக் குடும்பங்களுக்கே அதிகம்.

அப்போது அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது? கையில் ட்ரிப்ஸ் ஊசி, தெரியாத முகங்கள், பக்கத்துக் கட்டிலின் அழுகை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது. சாப்பிட மறுக்கும்; விட்டிருந்த பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைக்கும்; பேச்சையே நிறுத்திவிடும். "அடம் பிடிக்கிறான்" என்று நாம் அதட்டுகிறோம். அது அடம் அல்ல, அச்சம்.

இந்த அச்சத்துக்கு உலகம் கண்டிருக்கும் எளிய மருந்து விளையாட்டு. ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, துணிப் பொம்மைக்கு 'ஊசி' போடச் சொன்னால், தனக்கு நடக்கப்போவதைப் பிள்ளை தானே புரிந்துகொள்கிறது. ஊசி போடும் நேரத்தில் சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் கவனம் மாறி வலி குறைகிறது. எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கும் சிறுமிக்குத் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் போதும், பொழுது நகர்ந்துவிடும்.

ஏதோ வசதி படைத்த நாட்டுக்காரர் யோசனை என்று இதை ஒதுக்க முடியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு மருத்துவமனைக்கு வந்த ஏழைக் குழந்தைகளிடம் ஆய்வு செய்தார் மருத்துவர் சாலி கிராந்தம்-மெக்கிரகர். உணவும் மருந்தும் மட்டும் பெற்ற குழந்தைகள் உடல் தேறினாலும் அறிவு வளர்ச்சியில் பின்தங்கினார்கள். மருத்துவமனையிலும், பிறகு வீட்டிலும் விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் நன்றாக முன்னேறினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பத்துப் படிச் சிகிச்சை முறையில் ஒன்பதாவது படி விளையாட்டும் அரவணைப்பும்தான். நம் மத்திய சுகாதாரத் துறை 2011-ல் வெளியிட்ட ஊட்டச்சத்து மறுவாழ்வு மைய வழிகாட்டுதலும் விளையாட ஓர் இடம் வேண்டும் என்கிறது.

விளையாட்டு சலுகையும் அல்ல. 1989-ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு அதை உரிமை என்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1989-ல்தான். இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு இரண்டுக்கும் உள்ள உறவு எளிதில் புரியும். ஊர்த் தெருவில் பம்பரம் விடப் போய் விரட்டப்பட்ட நினைவு நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? குழந்தைகள் வார்டில் ஊரும் காலனியும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கின்றன. அங்கே ஒரு பாயை விரித்து நான்கு பொம்மைகளைப் போட்டால், எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்காமலே ஒன்றாக விளையாடுவார்கள். ஊரில் கிடைக்காத அந்த ஒரு மணி நேரம், இரு பக்கப் பிள்ளைகளுக்கும் பாடம்.

எனவே நாம் கேட்பது இதுதான். க.விலக்கு மருத்துவமனையிலும், பெரியகுளம், கம்பம், உத்தமபாளையம், போடி அரசு மருத்துவமனைகளிலும் குழந்தைகள் படுக்கும் இடத்தை ஒட்டி விளையாட ஓர் இடம் வேண்டும். சுவரில் கார்ட்டூன் வரைந்தால் மட்டும் போதாது. திறப்பு விழா முடிந்து பூட்டிவைக்கும் அறையும் வேண்டாம். கழுவித் துடைக்கக்கூடிய பொம்மைகள், விழுங்க முடியாத அளவில் இருக்கட்டும். எழுந்து வர முடியாத பிள்ளைக்குக் கட்டிலுக்கே ஒரு பெட்டி போகட்டும். செவிலியர், மருத்துவ மாணவர்களின் பயிற்சியில் தினமும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஆனால் இந்த வேலையை, ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் அல்லாடும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது. பிள்ளையோடு தங்கும் கூலித் தாய்க்கு ஈட்டுத்தொகை தருவதையும் அரசு யோசிக்க வேண்டும். அம்மாவைவிடப் பெரிய விளையாட்டுத் தோழி யாரும் இல்லை.

வீட்டில் நாமும் ஒன்றை நிறுத்தலாம். "அழுதால் ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டி வளர்த்துவிட்டு, அதே ஊசிக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டே கை நீட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? கல்லூரி மாணவர்களே, பனையோலைக் காற்றாடியும் காகிதக் கப்பலும் செய்ய உங்களுக்குத் தெரியும். கதை சொல்லவும் தெரியும். மருத்துவமனை அனுமதியோடு மாதம் ஒரு ஞாயிறு போய் வாருங்கள்.

மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடிய மருந்து இது. நம் பிள்ளைகளுக்கு இதையும் மறுத்துவிட வேண்டாம்.