பல்லிக்கு வயிறு சரியில்லை

மத்திய அமெரிக்காவில் இகுவானா என்று பெரிய பல்லி ஒன்று உண்டு. இலைதழைதான் சாப்பாடு, கிட்டத்தட்ட சுத்த சைவம். ஆனால் இலையின் நாரைச் செரிக்க அதற்குத் தெரியாது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் புளிக்கவைத்துச் செரித்துத் தருகின்றன.

முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் இவை கிடையாது. என்ன செய்யும்? முதலில் பொரித்த குழியின் மண்ணைத் தின்னும். அப்புறம் பெரிசுகளைத் தேடிப்போய் (டிபன் சாப்பிடுகிறவர்கள் அடுத்த பாராவுக்குப் போய்விடவும்) அவற்றின் எச்சத்தைத் தின்னும். பனாமாவில் இதைக் கண்டுபிடித்து 1982-ல் எழுதியவர் கேத்தரின் ட்ராயர். என் தாத்தா எனக்கு விட்டுப்போனது ஒரு சாய்வு நாற்காலி. இகுவானா தாத்தா பரவாயில்லை, பிழைக்க வழி விட்டுப்போகிறார்.

இந்தச் சொத்தும் நிலையில்லை ஸார். பிரான்ஸில் வேறொரு ஜாதிப் பல்லிகளை அடைப்பில் விட்டு, இரண்டு மூன்று டிகிரி சூடு கூட்டிப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. குடல் பாக்டீரியாவின் வகைகளில் 34 சதவிகிதம் காலி! வகை குறைந்த பல்லிகள் அடுத்த வருஷம்வரை பிழைப்பதும் குறைவாம்.

சாம்பாரில் பல்லி விழுந்தால் நம் வயிறு கெடும் என்று பதறுகிறோம். பூமியைச் சூடாக்கிப் பல்லி வயிற்றைக் கெடுப்பது யாராம்?