பாதயாத்திரையில் வந்த அந்தப் பெண்ணும் நமது பிள்ளைகளின் போன்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நம்மூர்ப் பெற்றோரும் இளைஞர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

கதிர்காமத்தில் தீர்த்தம் முடிந்து, நடந்து போனவர்கள் பஸ் ஏறி வீடு திரும்பிவிட்டார்கள். ஆனால் அவர்கள் பொத்துவிலால் போன அன்று நமது பையன்கள் எடுத்த ஒரு வீடியோ இன்னும் போன் விட்டுப் போன் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகவே நடந்து, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று போய், அங்கிருந்து குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் போகிறவர்களை நாம் சின்ன வயதில் இருந்தே பார்த்து வருகிறோம். அதே மாதங்களில்தான் அறுகம்பையில் சீசன். ஒரு பக்கம் சேர்ஃபிங் பலகையோடு வெள்ளைக்காரர்கள், மறுபக்கம் 'அரோகரா' என்று வேலோடு வருகிறவர்கள். இரண்டு கூட்டமும் நமது வீதியில்தான் சந்திக்கின்றன.

இந்த முறையும் நாமும் பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து வீதியோரத்தில் தாகசாந்தி வைத்திருந்தோம். தேசிக்காய்த் தண்ணீரும் பிஸ்கட்டும். பத்து மணி வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்புப் பக்கத்து அம்மாமார் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெளிநாட்டுப் பெண். பழைய சீலையைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தார், நெற்றியில் திருநீறு, முதுகில் பெரிய பை, காலில் செருப்பில்லை. ஒரு அம்மா, தான் குடிப்பதற்கு முன் கிளாஸை அவரிடம் நீட்டி, "மகள், முதல்ல நீங்க குடிங்க" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'மகள்' என்ற சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தார்.

நம்மோடு படிப்பிக்கும் ஆங்கில ஆசிரியை அவரோடு பேசினார். அறுகம்பைக்கு சேர்ஃபிங் செய்ய வந்தவர். போன வருடமும் வந்திருக்கிறார். கடைத்தெருவில் நின்று யாத்திரைக்காரரைப் பார்த்தாராம். இந்த வருடம் பலகையை அறையிலேயே வைத்துவிட்டுத் திருக்கோவிலில் போய்ச் சேர்ந்துகொண்டாராம். மதம் மாறினீர்களா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "இன்னும் கால் கொப்புளத்தைத் தவிர ஒன்றும் மாறவில்லை" என்றாராம். எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. அவரை மறுபடியும் ஆட்கள் தேடிக்கொண்டு திரியக் கூடாது.

அன்று பின்னேரமே வீடியோ வந்துவிட்டது. அவர் குனிந்து காலைக் கழுவுகிறபோது, சீலையைச் சரிசெய்கிறபோது எல்லாம் பெரிதாக்கி எடுத்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டும் போட்டிருந்தார்கள். கீழே வந்திருந்த கருத்துகளை எழுதக் கை கூசுகிறது. சிலது உடம்பைப் பற்றி, சிலது மார்க்கத்தைப் பற்றி. உடம்பைப் பற்றி எழுதியவர்களில் சிலர்தான் அடுத்த வரியில் மார்க்கத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்!

எடுத்தவன் நமது தரம் 11 மாணவன். கூப்பிட்டுக் கேட்டோம். "றோட்டுலதானே வந்த, எல்லாரும்தான் எடுத்த சேர்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அன்று பத்துப் பதினைந்து போன்கள் உயர்ந்ததை நாமும் பார்த்தோம். யாத்திரையைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தேசிக்காய் பிழிந்தோம். எந்தப் பக்கம் திருப்பி எடுக்கிறார்கள் என்று நாம் பார்க்கவில்லை. அந்தப் பிழை நமது.

வீதியில் வந்தால் எடுக்கலாம்தானே என்று பெரியவர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கு 2019ஐ ஞாபகப்படுத்துகிறோம். ஏப்ரல் 21க்குப் பிறகு, 29ஆம் திகதியில் இருந்து முகம் மூடுவதற்குத் தடை வந்தது. தடை முகத்துக்கு மட்டும்தான். ஆனால் அபாயா போட்ட நமது சகோதரிகள் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணோடு பேசிய அதே ஆங்கில ஆசிரியை அப்போது கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். முன் சீட்டில் இருந்தவன் திரும்பித் திரும்பிப் படம் எடுத்தான். அதை யாருக்கு அனுப்பினான், கீழே என்ன எழுதினான் என்று இன்று வரை அவருக்குத் தெரியாது. அன்று கொதித்த சமூகம் நாம். அவனும் 'பஸ்ஸில்தானே இருந்தாள்' என்றுதான் சொல்லியிருப்பான்.

வெள்ளைக்காரர் மட்டும் நமது பெண்களை எடுப்பதில்லையா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எடுக்கிறார்கள். சந்தையில் மரக்கறி வாங்குகிற நமது உம்மாமாரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நாமும் கண்டிருக்கிறோம், தடுத்தும் இருக்கிறோம். ஆனால் இந்தப் பெண் யாரையும் எடுக்கவில்லை. எவனோ செய்ததற்கு இவரிடம் கணக்குத் தீர்ப்பது எந்த நீதி?

இன்னொரு பக்கம், தாகசாந்தி வைத்ததே பிழை என்றும் ஒரு கதை ஓடுகிறது. அது பெரிய விவாதம், உலமாக்கள் பேசட்டும். நமது நிலைப்பாடு, வெயிலில் நடந்து வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது வணக்கத்தில் பங்கெடுப்பது ஆகாது. கதிர்காமத்தில் நமது பள்ளிவாசலும் இருக்கிறது, விழா தொடங்கும்போது அங்கேயும் கொடியேற்றம் நடக்கிறது, பாவாமார் ராத்திப் ஓதுகிறார்கள். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் நம்மூரிலேயே இருக்கிறார்கள். நமது மூத்தவர்கள் மாட்டுவண்டி கட்டிப் போன இடம் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. வெளிநாட்டவர் இந்த வழியில் நடப்பதும் புதிதல்ல. 1972இல் நடந்த பட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்கர்தான், யுத்தத்தால் தடைப்பட்ட யாத்திரையை 1988இல் திரும்பத் தொடங்க முன்நின்றார்.

அந்தப் பெண் உகந்தையில் இருந்து காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து கொடியேற்றத்துக்கு முன் கதிர்காமம் போய்ச் சேர்ந்துவிட்டார். விழா முடியும் வரை அங்கேயே நின்று ஆசிரியைக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மேளச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. காவடி ஆடுகிறவர்களைப் பற்றி, பெரஹராவில் யானை மேல் போகிற பேழையை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதைப் பற்றி, மாணிக்க கங்கையில் அம்மாமாரோடு குளித்ததைப் பற்றி எல்லாம் சிறுபிள்ளை மாதிரி சொல்லியிருந்தார். இடையில் ஒன்று. ஒரு இரவு நெரிசலில் இரண்டு பேர் அவரது உடம்பில் கை வைத்திருக்கிறார்கள். அவர் கத்தியதும், கூட வந்த அம்மாமார் பாஷையும் கேட்கவில்லை, நியாயமும் கேட்கவில்லை. சுற்றி வளையமாக நின்று, விடியும் வரை அவரை நடுவில் வைத்துக்கொண்டார்களாம்.

இதைச் சொல்வது, 'பார், அங்கேயும் அப்படித்தான்' என்று நாம் ஆறுதல் அடைவதற்காக அல்ல. கெட்டவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். அங்கே வளையம் கட்ட எட்டு அம்மாமார் இருந்தார்கள். நம்மூர் வீதியில் பள்ளிக்கூட ஆசிரியர்களே இருந்தும் யாரும் கட்டவில்லை.

இதனால் அறுகம்பைக்கு ஆள் வராது, ஹோட்டலும் ஓட்டோவும் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயமும் உண்மைதான், பல வீடுகளில் அடுப்பு எரிவது அதில்தான். ஆனாலும் பிள்ளைகளிடம் வருமானத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பிறகு காசில்லாத பெண்ணை எடுக்கலாம் என்று விளங்கிக்கொள்வார்கள்.

அந்த மாணவன் தன் பதிவை அழித்துவிட்டான். அவனது வாப்பாவும் வந்து பேசினார், நல்ல மனிதர். அவன் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம். ஆனால் அழிப்பதற்கு முன்பே வேறு பலர் இறக்கி வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்து நம்மூர் வாட்ஸ்அப் குழுக்கள் நான்கில் இன்னும் இருக்கிறது. அதில் ஒன்று பெற்றோர் குழு. நிர்வாகிகள் இன்று இரவுக்குள் அதை எடுத்துவிடுங்கள். போனில் வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள்.