“சின்ன அடிதான்” என்கிறார்கள்!

தொழிலாளத் தோழர்களே!

கை ஒடிந்தால் கட்டுத் தெரியும். கால் வெட்டுப்பட்டால் இரத்தம் தெரியும். மண்டைக்குள் மூளை அடிபட்டால் வெளியே என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இதைத்தான் சில தோட்ட நிர்வாகங்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றன. “சின்ன அடிதான். இரண்டு நாள் படுத்துவிட்டு வேலைக்கு வா” என்று அனுப்பிவிடுகின்றன. செக்ரோலில் அந்த இரண்டு நாளும் ‘வரவில்லை’ என்று விழுகிறது. விபத்து அறிக்கை எழுதப்படுவதே இல்லை.

நான் கிராணி மேசையில் உட்கார்ந்து பிழைப்பவன். தாளில் ஏறினால்தான் விபத்து. ஏறாவிட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு என்பதை நன்கு அறிவேன். ஆகவேதான் எழுதுகிறேன்.

காய்ந்த கிளை முறிந்து வெட்டுக்காரர் தலையில் விழுகிறது. செம்பனைக் குலை அறுப்பவர்மீது சரிகிறது. இருட்டோடு பெரட்டுக்குப் போகிறவரின் மோட்டார் சைக்கிள் செம்மண் சாலையில் சறுக்குகிறது. மூளை மிருதுவானது, மண்டை ஓடோ கெட்டியான பெட்டி. மோதிய வேகத்தில் மூளை அந்தப் பெட்டியின் சுவரில் இடிக்கிறது. உள்ளே நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. மேல்தோல் கிழியாமலே இத்தனையும் நடக்கலாம். இரத்தம் மெல்லக் கசிந்து, சில நாள், ஏன், சில வாரம் கழித்துக்கூட ஆளைச் சாய்க்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, ஓயாத வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கை கால் சோர்வு, கண்மணி இரண்டும் வேறு வேறு அளவாகத் தெரிவது — இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

“எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே” என்பார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. “டாக்டரே லேசான காயம் என்று எழுதியிருக்கிறாரே” என்பார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகியவற்றைப் பார்த்து 15 வரை புள்ளியிடும் முறை 1974ல் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்டது. 13 முதல் 15 வரை பெற்றால் ‘லேசான காயம்’ என்பார்கள். அது அடிபட்ட நேரத்து அளவு; அவர் வாழ்நாள் முழுவதற்கும் எழுதிய ஜாதகம் அன்று. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. சிலர் தேறுவதில்லை. அவர்களுக்கு மறதி வருகிறது. தூக்கம் போகிறது. எதற்கெடுத்தாலும் கோபம் பொங்குகிறது. நேற்றுவரை பழகிய நிரையில் தடுமாறுகிறார்கள்.

அப்போது நிர்வாகம் ‘சோம்பேறி’ என்கிறது. நம் லயத்திலோ ‘குடித்துவிட்டு உளறுகிறான்’, ‘காத்துக் கருப்பு அடித்துவிட்டது’ என்கிறோம். அடிபட்டவனை நாமும் சேர்ந்து அடிக்கலாமா?

இது இன்று நேற்று வந்த அநியாயமன்று. 1848ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போட்ட ஃபினியஸ் கேஜ் என்னும் ஃபோர்மனின் மண்டையை வெடிமருந்து இடிக்கும் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. ஆள் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் குணம் மாறிவிட்டது. திறமைசாலி என்று முன்பு புகழ்ந்த அதே குத்தகைக்காரர்கள் பழைய வேலையைத் தர மறுத்தார்கள். நடக்கிறான், பேசுகிறான் என்பதால் குணமாகிவிட்டான் என்று பொருளா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1969ம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ம் பிரிவு, வேலையில் பட்ட காயத்துக்காகச் சொந்த முதலாளிமீது நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. கோர்ட்டின் கதவை அடைத்துவிட்டு, சொக்சோ என்னும் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். முதலாளிக்கு இதில் பெரிய பாதுகாப்பு. அதற்கு ஈடாக அவர் செய்ய வேண்டியதென்ன? விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதையும் செய்யாத நிர்வாகம், தொழிலாளிக்கு மிஞ்சிய ஒரே கதவையும் பூட்டிச் சாவியை விழுங்குகிறது! கோர்ட்டிலிருந்து பாதுகாப்பும் வேண்டும், அறிக்கையும் எழுதமாட்டோம் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

அந்த ‘இரண்டு நாள்’ சூழ்ச்சியையும் பாருங்கள். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால்தான் தற்காலிக ஊனத் தொகை கிடைக்கும். அது சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு. இரண்டு நாள் என்றால் ஒன்றும் கிடையாது. நிரந்தர ஊனமானால் மருத்துவ வாரியம் மதிப்பிடும். மதிப்பீடு குறைவென்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான வழியில் நேர்ந்த விபத்தும் இச்சட்டத்தில் அடங்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு. வங்காளதேசத்துத் தோழரின் மண்டை மட்டும் இரும்பா?

இடித்தது வெளியார் வாகனமானால் வழக்குத் தொடுக்கலாம். கோர்ட்டின் கதவு அங்கே திறந்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுக் கெடு. அரசாங்க வாகனமானால் 36 மாதமே. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் தாளோடு வந்து, “கையெழுத்துப் போடு, பங்கு பிரித்துக்கொள்வோம்” என்னும் தரகரை விரட்டுங்கள். ஜெயித்தால் மட்டும் கூலி என்று ஒப்பந்தம் செய்ய வக்கீலுக்கே 1976ம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் தரவில்லை. சங்கக் கிளையைக் கேட்டு நல்ல வக்கீலை நாடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. அடிபட்டவர் தம் மறதியைத் தாமே அறியமாட்டார். அவர் மறந்தது, விழுந்தது, கோபித்தது எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளை எழுதினாலும் போதும். வாரியத்தின் முன்னும் வக்கீலின் முன்னும் அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.

கிராணி நண்பர்களே! நாமும் கூலிக்கு உழைப்பவர்களே. “துரை வேண்டாமென்றார்” என்று பேனாவை மூடி வைக்காதீர்கள். அந்தச் சட்டத்தை மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு என்பதைத் துரைக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். கேளாவிட்டால் அன்று மாலையே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

தோழர்களே, நம் சங்கத்தின் கோரிக்கை எளியது: தலையில் அடியென்றால் அன்றே ஆஸ்பத்திரி, அன்றே அறிக்கை, அறிக்கையின் நகல் தொழிலாளி கையில். இதில் ஒன்று குறைந்தாலும் பெரட்டுக்களத்தில் கேள்வி எழட்டும். சின்ன அடியா, பெரிய அடியா என்பதை டாக்டர் சொல்லட்டும். துரை சொல்ல வேண்டாம்!