மெதுவாக ஓடுங்கள் ஸார்!

நம் ஊரில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்மகன் ஓடுவதற்கு மூன்று காரணங்கள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. நகர ஆரம்பித்துவிட்ட பஸ். மூடிக்கொண்டிருக்கும் லிஃப்ட். மழை. வேறு எதற்காக ஓடினாலும் ஜனங்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள். பின்னால் யார் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

போன வருஷத்திலிருந்து அடியேன் நாலாவது காரணத்துக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். என்னைத் துரத்துவது ஆசாமி இல்லை, ஒரு நம்பர். 6.1.

ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் எச்.பி.ஏ.1.சி. என்று ஒரு வரி வரும். கடந்த இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதற்கான கணக்கு. 5.7-க்குக் கீழே என்றால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நடுவில் இருப்பவர்கள் வெயிட்டிங் லிஸ்ட். எனக்கு ஆர்.ஏ.சி. என்று வைத்துக்கொள்ளுங்களேன். "மாத்திரை இப்ப வேண்டாம், உடம்பை அசைங்க" என்றார் டாக்டர். அப்புறம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

அப்பா ஐம்பத்து மூன்றில் போய்விட்டார். மாரடைப்பு. எனக்கு நாற்பத்தொன்று. கழித்தல் கணக்குப் போட கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

"எனக்கு இருபத்தெட்டுதானே ஆகிறது, அடுத்த பக்கத்து ஜோக்கைப் படிக்கிறேன்" என்று நழுவ வேண்டாம். பத்து மணி நேரம் நாற்காலி, ஏழு மணிக்கு பஜ்ஜி, பதினொரு மணிக்கு பிரியாணி என்று இருக்கும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

* * *

ஓடப் பழகுவதற்கு ஒரு டைம்டேபிள் இருக்கிறது. 1996-ல் ஜோஷ் க்ளார்க் என்ற அமெரிக்க இளைஞர் போட்டுக் கொடுத்தது. 'கௌச் டு ஃபைவ் கே', அதாவது சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு. வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் ஒன்பது வாரம். முதல் வாரம் ஐந்து நிமிஷம் விறுவிறுவென்று நடக்க வேண்டும். பிறகு அறுபது விநாடி மெல்லோட்டம், தொண்ணூறு விநாடி நடை. இப்படி மாற்றி மாற்றி இருபது நிமிஷம். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் காபி சாப்பிடலாம்.

அறுபது விநாடி என்ன பிரமாதம் என்பீர்கள். நாற்பதாவது விநாடியில் கடிகாரத்தைப் பாருங்கள். ஐன்ஸ்டைன் சொன்னது லேசாகப் புரிய ஆரம்பிக்கும்.

நான் ஓட்டத்தைத் தொடங்கியது மெரினாவில், உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில், காலை ஐந்தரை மணிக்கு. அந்த நாலு பேரும் 1959-லிருந்து அந்தப் பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு நிமிஷத்துக்கே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பட்டுப்புடவையில், காலில் கான்வாஸ் ஷூவோடு இரண்டு மாமிகள் நாட்டுப்பெண்ணைப் பற்றிப் பேசியபடி என்னை நடந்தே முந்திப்போனார்கள். ஒரு நாய் பத்தடி கூடவே வந்துவிட்டு, இதில் சுவாரஸ்யம் இல்லை என்று படுத்துக்கொண்டது. அருகம்புல் ஜூஸ் விற்பவர் மட்டும் நம்பிக்கையோடு டம்ளரைக் கழுவினார்.

ரயில்வேயில் ரிட்டயரான ஒரு பெரியவர் தினமும் அங்கே வருவார். மூன்றாம் நாள் என் அருகில் வந்து, "தம்பி, ஓடும்போது எங்கூட பேசுங்க" என்றார். "பேச முடியணும். முடியலைன்னா அது ஓட்டமில்ல, துரத்தல். வேகத்தைக் குறைங்க." இதைவிடக் குறைத்தால் நின்றுவிடுவேனே என்றேன். "நிக்கறதுக்கு ஒரு இஞ்சு முன்னாடி ஒரு வேகம் இருக்கு பாருங்க, அதான் உங்க வேகம்."

உடற்பயிற்சி நிபுணர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 'டாக் டெஸ்ட்' என்று அதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். ஒற்றை வார்த்தைதான் வருகிறது என்றால் அதிகம்.

* * *

இங்கே ஒரு விஷயம் யோசித்துப் பார்த்தேன். ஆபீஸில் எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். எந்த ஃபைல் எந்த பீரோவில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஸ்கூட்டர் ஓட்டப் பழகியதற்கப்புறம் நான் எதற்கும் புதுசாக இருந்ததே இல்லை. மெரினாவில் நான் எல்.கே.ஜி. அதுவும் எல்லார் கண் முன்னாலும். நம்மில் பல பேர் எதையும் புதிதாக ஆரம்பிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை ஸார், இந்த எல்.கே.ஜி. கூச்சம்தான்.

இதில் நமக்குத் துணையாக ஒரு பெரிய மனுஷர் இருக்கிறார். பில் பவர்மேன். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர். 1964-ல் ஃபில் நைட்டோடு சேர்ந்து இவர் ஆரம்பித்த ஷூ கம்பெனிதான் பின்னாளில் நைக்கி. 1962 கடைசியில் நியூசிலாந்து போயிருந்தார். வயது ஐம்பத்தொன்று. அங்கே ஆர்தர் லிட்யார்ட் என்ற பயிற்சியாளர், ஞாயிற்றுக்கிழமை காலையில் சாதாரண ஜனங்களோடு மெல்லோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச தூரத்திலேயே பவர்மேனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே பின்தங்கி வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர். மாரடைப்பு வந்து பிழைத்தவர்!

சாம்பியன்களை உருவாக்கிய ஆள் இதை மூடி மறைத்திருக்கலாம். பவர்மேன் தானே எல்.கே.ஜி.யில் சேர்ந்தார். ஊர் திரும்பி, கடைக்காரர், குமாஸ்தா, குடும்பத் தலைவி எல்லோருக்கும் மெல்லோட்ட வகுப்பு ஆரம்பித்தார். 1967-ல் ஒரு இதய டாக்டரோடு சேர்ந்து 'ஜாகிங்' என்று புத்தகமே போட்டார். அமெரிக்கா ஓட ஆரம்பித்ததில் அதற்குப் பெரிய பங்கு.

* * *

கொஞ்சம் உடம்பு கணக்கு. ஓட ஆரம்பித்தால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாரும் அரசாங்க ஃபைல் மாதிரி, மாசக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. என் எடை 76 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் என்னைப் போல இரண்டு மூன்று பேர் என் காலில் ஏறி இறங்குகிறார்கள். மூச்சு சரியாகிவிட்டதே என்று நாலாவது வாரம் பாய்ந்தால் முழங்காலும் முன்னங்காலும் ஸ்ட்ரைக் செய்யும். இதனால்தான் ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு.

எடை குறையுமா என்பார்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. நான் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 380. திரும்பும் வழியில் ஒரு நெய் ரோஸ்ட்டும் காபியும் அதை வட்டியோடு வசூல் செய்துவிடும். தொப்பையை ஓட்டம் மட்டும் தனியாகக் கரைக்காது. தட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. நாற்பதைத் தொட்டவர்கள், சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கவும். ஓடும்போது நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவும். அங்கே வீரம் வேண்டாம்.

* * *

ஒன்பது வார டைம்டேபிளை நான் பதினாலு வாரத்தில் முடித்தேன். நாலாவது வாரத்தை மட்டும் மூன்று தடவை எழுதினேன். அரியர்ஸ்! கடைசியில் ஒரு புதன்கிழமை நிற்காமல் முப்பது நிமிஷம். யாரும் கை தட்டவில்லை. பெரியவர் "காபி வாங்கிக் குடுங்க தம்பி" என்றார். எடையில் மூன்று கிலோ காணாமல் போயிருந்தது. 6.1 இப்போது 5.8. டாக்டர் "விட்டுடாதீங்க" என்றார். ஆர்.ஏ.சி. இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

வேறொன்று கன்ஃபர்ம் ஆனது. ஆபீஸில் புதிய கணக்கு மென்பொருள் வந்திறங்கியது. பழைய ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். போன ஜூலையில் சேர்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, முதல்லேருந்து சொல்லிக்குடு" என்றேன். மாமிகள் முந்திப்போனதைப் பார்த்த பிறகு இதில் என்ன கூச்சம்? ஒரு வாரத்தில் மற்ற நாற்காலிகளும் வந்தன.

ஃபௌஜா சிங் என்று ஒரு சர்தார்ஜி. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எண்பதுக்கு மேல் ஓட ஆரம்பித்தார். 2000-ல் லண்டன் மாரத்தானை 89 வயதில் ஓடினார். 2011-ல் டொரன்டோவில் நூறு வயதில் எட்டு மணி நேரத்துக்குமேல் ஓடி, முழு தூரத்தையும் முடித்தார். பாஸ்போர்ட்டில் 1911 என்று போட்டிருந்தும், பர்த் சர்ட்டிஃபிகேட் இல்லை என்று கின்னஸ்காரர்கள் சாதனையை ஏற்கவில்லை. தாலுகா ஆபீஸ் உலகம் பூராவும் இருக்கிறது! 2025 ஜூலையில் சாலை விபத்தில்தான் போனார். வயது 114 என்றார்கள்.

உங்களிடம் பர்த் சர்ட்டிஃபிகேட் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். எண்பதுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று கணக்குப் போடுங்கள். அதற்குள் "எனக்கு லேட்டாயிடுச்சு ஸார்" என்று சொன்னால் ஃபௌஜா சிங் சிரிப்பார்.