இலக்கமும் ஆளும்

வீதியோரத்தில் கமரா பொருத்தப்பட்டிருக்கின்றது என்று கேள்வியுற்றால், நம் இளைஞர் முதலில் வினவுவது, "எந்தச் சந்தியில்?" என்பதே. அவ்விடத்தில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து, கடந்தபின் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர்தம் கணக்கு. அக்கமரா எதைக் காண்கின்றது, அதன்பின் யாரை நாடிச் செல்கின்றது என்று சிந்திப்போர் மிகச் சிலரே.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. ஒல்லாந்து நாட்டவரான மோரிஸ் கட்சோனிடஸ், 1953ஆம் ஆண்டில் மொண்டே கார்லோ மோட்டார்ப் போட்டியில் வெற்றி பெற்றவர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து, இன்னும் விரைந்து செல்லும் பொருட்டே அவர் ஒரு கருவியை அமைத்தார். 1958இல் அவர் நிறுவிய கம்பெனியின் கருவிகளே பின்னர் பல நாடுகளில் வேகத்துக்குக் காவலாயின.

நம் நாட்டிலே, கமராக்களின் துணைகொண்டு வீதிக் குற்றங்களைக் கண்டறியும் முறை 2024 ஜனவரி 22ஆம் திகதி கொழும்பில் நடைமுறைக்கு வந்தது. அங்கே கமரா பற்றிக்கொள்வது வாகனத்தின் இலக்கத்தை. அவ்விலக்கம் எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ, அவர் வாழும் ஊரின் பொலிஸ் நிலையம் வழியாகத் தண்டப் பத்திரம் சேர்ப்பிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் நம் குடும்பங்கள் சற்று நின்று எண்ண வேண்டும். தந்தையின் பெயரிலுள்ள சைக்கிளை மகன் ஓட்டுகின்றான். அவனிடமிருந்து நண்பன் இரவல் வாங்குகின்றான். விற்றுவிட்ட வண்டியோ, பெயர் மாற்றப்படாமலே கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. ஓட்டியவன் ஒருவன், பதில் சொல்ல அழைக்கப்படுபவர் வேறொருவர். வீதியில் நிற்கும் பொலிஸார் ஆளை மறித்து விசாரிப்பர். கமராவோ இலக்கத்தைக் கொண்டு வீட்டை விசாரிக்கின்றது.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கமராக்களைக் கொண்டு தண்டம் விதிக்கத் தொடங்கினர். தலைக்கவசம் அணியாமையும், ஒரு வண்டியில் மூவர் செல்வதும் அவற்றுக்கு அகப்பட்டன. அம்மூவருள் ஒருவர் பெற்றோரிடையே அமர்ந்த சிறு பிள்ளையாயின் என் செய்வது? கார் வாங்க இயலாத குடும்பம் எதில் செல்லும்? இவ்வினா எழவே, பிள்ளைக்கு விலக்களிக்குமாறு கேரள அரசு மத்திய அரசை வேண்டிற்று. மத்திய அரசு அதற்கு இணங்கவில்லை.

அக்குடும்பத்தின் இடர் மெய்யானதே. எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் வண்டி சரியும்போது, நடுவிலிருந்தது குழந்தை என்று தார்வீதி இரங்குவதில்லை. பாடசாலைக்கு இருமுறை சென்றுவரும் சிரமத்தைக் காட்டிலும் அந்த ஒரு கணத்தின் இழப்புப் பெரிது.

ஆகவே பெற்றோர் இரண்டு கருமங்களை இப்பொழுதே முடித்தல் நன்று. வாங்கிய அல்லது விற்ற வண்டியின் பெயர்மாற்றத்தைப் பின்போடாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் இல்லாதவரிடம், அவர் பெற்ற பிள்ளையே ஆயினும், திறப்பைக் கொடாதீர்கள். மாணவர்களே, நீங்கள் ஓட்டும் வண்டியின் பதிவுப் பத்திரத்தை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலே இருப்பது எவர் பெயர் என்று அறிந்தபின், சந்தியில் கமரா உண்டோ என்று கேட்க உங்களுக்கே மனம் வராது.